ஹெல்த்தும் வெல்த்தும் அக்கா தங்கச்சியா?

பொண்ணு மூணாவது படிக்கிறா. போன மாசம் ஒரு நாள் ரைமிங் வேர்ட்ஸ் ஹோம்வொர்க்னு நோட்டை தூக்கிட்டு வந்து பக்கத்துல உக்காந்தா. ஒரு வார்த்தை குடுத்துருப்பாங்க, அதுக்கு ரைம் ஆகுற மாதிரி ஆறு வார்த்தை எழுதணும், அவ்ளோதான் வேலை. லைட்டுக்கு கடகடன்னு நைட், ரைட், ஃபைட், பிரைட், மைட், ஸ்லைட்னு எழுதி முடிச்சிட்டா. நான் எட்டிப் பாத்துட்டு, "ஸ்லைட்னா என்ன கண்ணு?"னு கேட்டேன். தெரியலன்னா. மைட்? அதுவும் தெரியல. "அதெல்லாம் கேக்கலம்மா, சத்தம் ஒண்ணா இருந்தா போதும்"னு சொல்லிட்டு ரெண்டு நிமிஷம் பென்சிலை கடிச்சிக்கிட்டே இருந்தவ, திடீர்னு கேட்டா, "அம்மா, சத்தம் ஒண்ணா இருந்தா அதுங்க எல்லாம் சொந்தக்காரங்களா?"

எனக்கு சட்டுனு பதில் சொல்ல தெரியல. ஆமான்னு சொன்னா தப்பு, இல்லன்னு சொன்னாலும் முழுசா சரியில்ல. அன்னிக்கு ஆரம்பிச்சது, இந்த ஒரு மாசமா டிக்ஷனரியும் கையுமா இருக்கோம் ரெண்டு பேரும். தனியா ஒரு நோட்டே போட்டாச்சு. அதுல இருந்து எனக்கு ரொம்ப பிடிச்சதை இங்க எழுதி வைக்கணும்னு தோணுச்சு, ஏன்னா குழந்தைங்களுக்கு ரைமிங் வேர்ட்ஸ் சொல்லிக் குடுக்கறப்ப அர்த்தத்தை நாம அப்படியே விட்டுடறோம், அது எவ்ளோ பெரிய நஷ்டம்னு இப்பதான் எனக்கே புரியுது.

முதல்ல ரைம்னா என்னன்னு ஒரு வரி சொல்லிடறேன். இங்கிலீஷ்ல ஒரு வார்த்தையில எந்த இடத்துல அழுத்தம் குடுத்து சொல்றோமோ, அந்த உயிர் சத்தத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒண்ணா இருக்கணும், அதுக்கு முன்னாடி வர்ற மெய் சத்தம் மட்டும் மாறணும். நேஷன் ஸ்டேஷன் ரைம் ஆகும். ஆனா டுடே, மண்டே ரெண்டும் நம்ம காதுக்கு ரைம் மாதிரி இருந்தாலும் அவங்களுக்கு சரியா பொருந்தாது, ஏன்னா டுடேல அழுத்தம் கடைசியில விழுது, மண்டேல முதல்ல விழுது. தமிழ்ல அப்படி சொல்லுக்கு சொல் அழுத்தம் வச்சு அர்த்தம் பிரிக்கிற பழக்கம் இல்லாததால இந்த வித்தியாசம் நமக்கு பிடிபட கொஞ்சம் நேரமாகும்.

நம்ம எதுகை வேற மாதிரி. "ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டை பாடிக் கறக்கணும்"ல ஆடு, பாடு ரெண்டும் எதுகை, இங்கிலீஷ் கணக்குலயும் ரைம்தான். ஆனா காட்டு, வீட்டு எடுத்துக்கோங்க, ரெண்டாவது எழுத்து ஒண்ணு, முதல் எழுத்து ரெண்டும் நெடில், அதனால எதுகை சரியா இருக்கு, இங்கிலீஷ்காரங்க கேட்டா உயிரெழுத்து மாறிடுச்சே, ரைம் இல்லையேம்பாங்க. அவங்க ரைம் வரிக்கு கடைசியில உக்காரும், நம்ம எதுகை வரிக்கு முன்னாடி உக்காரும், கடைசியில ஒத்து வந்தா அதுக்கு இயைபுன்னு தனிப்பேரு. இன்னொண்ணு, பழைய இங்கிலீஷ் பாட்டுல இந்த கடைசி ரைம் வழக்கமே கிடையாது, நம்ம மோனை மாதிரி முதல் சத்தத்தை வச்சுதான் வரியோட ரெண்டு பாதியையும் கட்டுவாங்க. 1066ல பிரான்ஸ் பக்கத்துல இருந்து வந்த நார்மன்காரங்க இங்கிலாந்தை பிடிச்சப்புறம் பிரெஞ்சு பழக்கம் உள்ள வந்துதான் கடைசி ரைம் அங்க வேரூன்றுச்சு. அதாவது ஒரு காலத்துல அவங்களும் மோனைக்காரங்க. இதை படிச்சப்ப எனக்கு என்னமோ அவ்ளோ சந்தோஷம்.

சரி, லைட்டுக்கு வருவோம்.

லைட், நைட், ரைட், மைட் எல்லாத்துலயும் நடுவுல ஒரு ஜியும் ஹெச்சும் சத்தமே இல்லாம உக்காந்திருக்கும். அது சும்மா வந்து உக்காரல, ஒரு காலத்துல தொண்டையில இருந்து ஒரு கரகர சத்தமா சொல்லிட்டு இருந்தாங்க. ஜெர்மன்ல இன்னும் அது உயிரோட இருக்கு, நைட்டுக்கு நாஹ்ட், லைட்டுக்கு லிஹ்ட், ரைட்டுக்கு ரெஹ்ட். இங்கிலீஷ்ல சத்தம் போயிடுச்சு, எழுத்து மட்டும் நின்னுடுச்சு. அதே மாதிரி கே எழுத்துல ஆரம்பிக்கிற நைட், அதான் குதிரையில வர்ற வீரன், அதுல கே எழுத்தையும் ஒரு காலத்துல சொன்னாங்க, பழைய அர்த்தம் வெறும் பையன், ஏவலாள். ஜெர்மன்ல அதோட உறவு சொல் இன்னிக்கும் பண்ணையாளுதான். இங்க மட்டும் ஏவலாள் மெல்ல மெல்ல வீரனாயிட்டான்.

மைட்டுக்கு ரெண்டு அர்த்தம், ஒண்ணு வலிமை, இன்னொண்ணு நடந்தாலும் நடக்கலாம்ங்கிறது. இது ரெண்டும் எப்படி ஒரே வார்த்தையில வந்துச்சுன்னு பொண்ணு கேட்டா. எம் ஏ ஒய், மேங்கிற துணை வினையோட இன்னொரு வடிவம்தான் மைட், அந்த மேக்கு பழைய அர்த்தமே முடியும்ங்கிறதுதான், முடியும்ங்கிறதுல இருந்துதான் வலிமைங்கிற பெயர்ச்சொல்லும் வந்துச்சு. யோசிச்சு பாத்தா தமிழ்லயும் அதே கதை, ஒரு வேலையை செஞ்சு முடிக்கிறது ஆற்றுதல், அதுல இருந்து வந்ததுதான் ஆற்றல். எங்கயோ இருக்குற ரெண்டு பாஷை ஒரே மாதிரி யோசிச்சிருக்கு பாருங்க.

இதே லிஸ்ட்ல டிலைட்டையும் சேத்திருந்தா, ரொம்ப சந்தோஷம்னு அர்த்தம். லைட்டுக்கும் டிலைட்டுக்கும் சம்பந்தம் இருக்கும்னுதான் நானும் இவ்ளோ வருஷமா நினைச்சிட்டிருந்தேன், மனசுக்குள்ள வெளிச்சம் வர்ற மாதிரின்னு ஒரு கற்பனை வேற. ஆனா அது பழைய பிரெஞ்சுல இருந்து வந்த வார்த்தை, அதுல ஜி ஹெச் எல்லாம் கிடையாது. லைட்டோட ரைம் ஆகுதேன்னு 16ஆம் நூற்றாண்டு வாக்குல எழுதறவங்க கை லைட்டோட எழுத்தையே இதுக்கும் போட்டுடுச்சு. சொந்தம் இல்லாதவங்க ரொம்ப நாள் ஒரே வீட்ல இருந்து சாயல் வந்த மாதிரி.

சி ஓ யூ எல் டின்னு எழுதற குட், அதே மாதிரி எழுதற வுட், ஷுட் கதையும் இதேதான். வுட்ல எல் எழுத்து வர்றதுக்கு நியாயம் இருக்கு, அது வில்லோட இறந்தகால வடிவம். ஷுட்டும் ஷல்லோட வடிவம், அங்கயும் எல் இருக்கு. குட் மட்டும் கேனோட வடிவம், கேன்ல எங்க எல் இருக்கு? இல்லவே இல்ல. கூட இருக்குற ரெண்டு பேரும் வச்சிருக்காங்களேன்னு அதுக்கும் ஒரு எல் வந்து ஒட்டிக்கிச்சு. ரைம் ஆகுறதால எழுத்தே மாறும்னு எனக்கு இதுக்கு முன்னாடி தெரியாது. அவ்ளோ ஏன், ரைம்ங்கிற வார்த்தையே ஒரு காலத்துல ஆர் ஐ எம் ஈன்னு நேரா எழுதினதுதான், ரிதம்ங்கிற கிரேக்க வழி சொல்லோட போட்டு குழப்பிக்கிட்டு அதோட ஹெச்சையும் ஒய்யையும் இதுக்கும் மாட்டிவிட்டுட்டாங்க.

இதுவரைக்கும் சொன்னது சாயல் வந்தவங்க. நிஜமாவே சொந்தக்காரங்க இருக்காங்களான்னு தேடினப்பதான் ஹெல்த், வெல்த், ஸ்டெல்த் மாட்டுச்சு. என் நோட்டுல இதுக்கு மட்டும் நாலு பக்கம்.

ஹெல்த் எங்க இருந்து வருதுன்னா, முழுசுன்னு அர்த்தம் வர்ற ஹோல்ங்கிற வார்த்தையில இருந்து. முழுசா இருக்கற நிலைதான் ஹெல்த். ஹீல்னா குணமாக்கறது, அதாவது உடைஞ்சதை முழுசாக்கறது. அப்படின்னா ஆரோக்கியம்ங்கிறது முழுமை. வெல்த்துக்கு இன்னிக்கு பணம், சொத்துன்னுதான் அர்த்தம், ஆனா அது வெல்னு நாம சொல்றோமே, நல்லாங்கிற அர்த்தத்துல, அதோட சொந்தமான வீல்ங்கிற பழைய வார்த்தையில இருந்து, ஹெல்த்தை பாத்து அதே அச்சுல வார்த்தது. முதல் அர்த்தம் நலம், அவ்ளோதான், பணமெல்லாம் பின்னாடி வந்து சேந்தது. காமன்வெல்த்னு சொல்றோமே, பொதுச் சொத்துன்னு நினைச்சிட்டிருந்தேன், பொது நலம்னுதான் அதுக்கு பொருள். ஸ்டெல்த் வந்து ஸ்டீல், திருடறதுங்கிற வினையில இருந்து வந்தது, முன்னாடி திருட்டுக்கே அந்த பேருதான், இப்ப சத்தம் காட்டாம பதுங்கி செய்யற எதுக்கும் சொல்றாங்க, ராடார் கண்ணுல படாத விமானத்துக்கு ஸ்டெல்த்னு பேர் வச்சதும் அதனாலதான்.

மூணுலயும் கடைசியில வர்ற அந்த டி ஹெச் சத்தம் இருக்கே, அது நம்ம மை விகுதி மாதிரி. பெருசு பெருமை ஆகுதுல்ல, முழுசு முழுமை ஆகுதுல்ல, அந்த வேலையை அது செய்யுது. இதை பிடிச்சதும் வரிசையா கதவு திறக்க ஆரம்பிச்சது. லாங், ஸ்ட்ராங் ரெண்டும் ரைம். அதுல இந்த டி ஹெச் ஒட்டினா லெங்த், ஸ்ட்ரெங்த், திரும்பவும் ரைம், நடுவுல இருந்த உயிர் சத்தம் கூட ரெண்டுலயும் ஒரே மாதிரி மாறியிருக்கு பாருங்க. நீட்டமா இருக்கறது நீளம், வலுவா இருக்கறது வலிமை. பொண்ணு இதை ஒரு கணக்கு மாதிரி எழுதி வச்சிருக்கா, லாங் கூட்டல் டி ஹெச் சமம் லெங்த்னு.

அப்புறம் ட்ரூத், யூத். ட்ரூல இருந்து ட்ரூத், யங்கோட சொந்தம் யூத். இதுக்கு தமிழ்ல என்னன்னு கேட்டேன் அவள்ட்ட. "உண்மை... இளமை"ன்னு சொன்னா, சொல்லிட்டு அவளே நிறுத்தி, "அம்மா இதுவும் ரைம் ஆகுது!"ன்னு கத்தினா. ஆமா, ரெண்டுலயும் மை. உள்ளதுங்கிறதுல இருந்து உண்மை, இளசுங்கிறதுல இருந்து இளமை. அங்க டி ஹெச் செஞ்ச வேலையை இங்க மை செஞ்சு, ரெண்டு பாஷையிலயும் அதே ஜோடி இயைபா வந்து நிக்குது. நான் இத்தனை வருஷம் இந்த நாலு வார்த்தையையும் தினமும் பேசிட்டு இருக்கேன், ஒரு நாள் கூட கண்ணுல பட்டதில்ல.

ட்ரூத், யூத் கூட ரைம் ஆகுற டூத், அதான் பல்லு, அது இந்த வீட்டு ஆள் இல்ல. டி ஹெச் அதோட பிறவிச் சத்தம், விகுதி கிடையாது. ஆனா ரூத்னு ஒண்ணு இருக்கு, இப்ப யாரும் தனியா சொல்றதில்ல, ரூத்லெஸ்னு மட்டும் சொல்றோம், ஈவு இரக்கம் இல்லாதன்னு. ரூன்னா வருந்தறது, அதுல இருந்து ரூத், இரக்கம். லெஸ் ஒட்டினது மட்டும் பிழைச்சிக்கிச்சு, இரக்கம் மட்டும் வழக்கொழிஞ்சு போச்சு. எனக்கு இது கொஞ்சம் வருத்தமாவே இருந்துச்சு.

இன்னொரு குடும்பம் பர்த், மெர்த், டெர்த், எர்த். இதுல பர்த் வந்து பேர், அதாவது சுமக்கறது, பெத்தெடுக்கறதுங்கிற வினையோட பிள்ளை. மெர்த் வந்து மெர்ரியோட பிள்ளை, மெர்ரி கிறிஸ்மஸ்ல வர்ற அதே மெர்ரி, மெர்த்னா சிரிப்பும் கும்மாளமும். டெர்த்னா பஞ்சம், தட்டுப்பாடு. இது எதோட பிள்ளைன்னு சொன்னா நம்ப மாட்டீங்க, டியரோட பிள்ளை. லெட்டர்ல அன்புள்ளன்னு போடறோமே அந்த டியர். டியர்க்கு அன்பானதுன்னும் அர்த்தம், விலை ஏறினதுன்னும் அர்த்தம். ஒரு பொருள் கிடைக்காம போனா விலை ஏறும், ஏறினா அது டியர், அந்த நிலைமை டெர்த். முதல்ல எனக்கு ஒட்டவே இல்ல, அன்பும் பஞ்சமும் எப்படி ஒரே வேர்ல இருந்து வரும்னு. அப்புறம் நம்ம அருமை ஞாபகம் வந்துச்சு. அருமை மகளேன்னு கூப்பிடறோம், கிடைக்கறதே அருமைன்னும் சொல்றோம். அரிதா இருக்கறதுதான் அருமையானது. டியரும் அருமையும் ஒரே பாதையில நடந்து போயிருக்கு. எர்த் இந்த கூட்டத்துல சேராது, அது மண்ணுக்கு இருந்த பழைய பேரு, வேற வீடு.

இது வரைக்கும் வேர் இருக்கு, விகுதி இருக்கு, காரணம் சொல்லிடலாம். அடுத்து சொல்லப்போறதுக்கு அப்படி சுலபமா காரணம் சொல்ல முடியாது, ஆனா காது ஒத்துக்கும்.

மம்பிள், ஃபம்பிள், டம்பிள், ஸ்டம்பிள், ரம்பிள், கிரம்பிள். வாய்விட்டு ஒரு தடவை சொல்லிப் பாருங்க. மம்பிள்னா வார்த்தை வெளிய வராம வாய்க்குள்ளயே முணுமுணுக்கறது. ஃபம்பிள்னா கை தடுமாறி பிடி நழுவறது. டம்பிள்னா உருண்டு பொரண்டு விழறது. ஸ்டம்பிள்னா கால் தடுக்கறது, பேச்சு தடுக்கறதுக்கும் சொல்லலாம். ரம்பிள்னா தூரத்து இடி மாதிரி குடுகுடுன்னு ஒரு சத்தம். கிரம்பிள் ரெண்டு இருக்கு, தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணா தெரியும், ஜி எழுத்துல ஆரம்பிக்கிறது சலிச்சுக்கிட்டு குறை சொல்றது, சி எழுத்துல ஆரம்பிக்கிறது பொடிப்பொடியா உதிர்ந்து போறது. எல்லாத்துலயும் ஒரு தெளிவில்லாத, நிலை தடுமாறின, உருண்டு குழம்பின உணர்வு இருக்கா இல்லையா? எல்லாம் ஒரே வேர்ல இருந்து வந்தது கிடையாது. ஆனா ஒண்ணோட சத்தம் இன்னொண்ணை இழுத்துக்கிட்டு, அர்த்தத்தையும் பக்கத்துல பக்கத்துல கொண்டு வந்துடுச்சு. இப்படி ஒரு சத்தத்துண்டு பல வார்த்தையில ஒரே மாதிரி உணர்வை தூக்கிட்டு வந்தா அதுக்கு ஃபோனஸ்தீம்னு பேரு, ஜே. ஆர். ஃபர்த்ங்கிற இங்கிலாந்து மொழியியலாளர் 1930ல வச்ச பேரு. நம்ம இரட்டைக்கிளவியில சலசல, கலகலன்னு சொல்றப்ப காதுல நடக்கறதும் இதுக்கு பக்கத்து விஷயம்தான்.

இந்த வரிசையில ஹம்பிள் ஒண்ணும் இருக்கு, பணிவானன்னு அர்த்தம். தடுமாற்றம் எல்லாம் இதுல கிடையாது, லத்தீன்ல மண்ணுக்கு ஹ்யூமஸ்னு பேரு, அதோட சொந்தம், தரையோட தரையா தாழ்ந்து இருக்கறதுன்னு. தமிழ்லயும் தாழ்மைதானே.

அடுத்த கூட்டம் இன்னும் பலமானது. கிராஷ், ஸ்மாஷ், கிளாஷ், பாஷ், ஸ்பிளாஷ், ஸ்லாஷ். மோதறது, நொறுக்கறது, ரெண்டு பேர் முட்டிக்கறது, ஓங்கி அடிக்கறது, தண்ணி சிதற விழறது, சரக்குன்னு வெட்டறது. எல்லாத்துலயும் வேகமும் அடியும் இருக்கு, கடைசியில அந்த ஷ் வந்து எல்லாத்தையும் சிதற விடுது. இதே ரைம்ல கேஷ் இருக்கு. நாம கிராஷ்னு ஆகாரம் போட்டு எழுதறோம், கேஷ்னு ஏகாரம் போட்டு எழுதறோம், அதனால தமிழ்ல படிக்கறப்ப ரைம்னே தெரியாது, இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே உயிர் சத்தம், ஆவுக்கும் ஏவுக்கும் நடுவுல வர்ற ஒண்ணு. கேஷ்ல அடிதடி எதுவும் இல்ல, பெட்டிங்கிற அர்த்தத்துல பிரெஞ்சு, இத்தாலியன் பக்கத்துல இருந்து வந்த வார்த்தை, பணப்பெட்டி போயி பணம் நின்னுச்சு. ஆனா பழைய இங்கிலீஷ்காரங்க எழுத்துல கேஷ்னு இன்னொரு வார்த்தையும் வரும், சின்ன மதிப்பு நாணயம்னு. அது நம்ம காசு! தமிழ்ல இருந்து போர்ச்சுகீசு வழியா போனது. வேற வேற இடத்துல இருந்து வந்த ரெண்டு வார்த்தை, எழுத்தும் ஒண்ணு, சத்தமும் ஒண்ணு, அர்த்தமும் கிட்டத்தட்ட ஒண்ணு, ஆனா சொந்தம் மட்டும் இல்ல. பொண்ணு கேட்ட கேள்விக்கு இதை விட நல்ல பதில் எனக்கு கிடைக்கல.

ஒரு விஷயம் சொல்லாம விடக்கூடாது. என்னை மாதிரி இங்கிலீஷை காதால கேக்கறதுக்கு முன்னாடி கண்ணால படிச்சவங்களுக்கு ரைம் ஒரு பெரிய வரம், உச்சரிப்பை அதை வச்சுத்தான் திருத்திக்க முடியும். காலேஜ்ல ஒரு செமினார்ல கல்லறைன்னு அர்த்தம் வர்ற டூமை, டி ஓ எம் பி, நான் டாம்ப்னு படிச்சேன், பாம் மாதிரிதான் இருக்கும்னு நினைச்சு, பி சத்தத்தையும் சேத்து. முடிஞ்சப்புறம் கூட படிச்சவ ஒருத்தி தனியா கூப்பிட்டு, "அது ரூம் கூட ரைம் ஆகும்"னு மட்டும் சொன்னா. அந்த ஒரு வரி போதுமா இருந்துச்சு, இன்னி வரைக்கும் மறக்கல. டூம், ரூம் கூட. கருப்பைன்னு அர்த்தம் வர்ற வூம், அதுவும் ரூம் கூட. சீப்பு, கோம், அது ஹோம் கூட. பாம், அது டாம் கூட. நாலுலயும் கடைசியில இருக்கற ஓ எம் பி ஒண்ணுதான், சத்தம் மூணு. பிறப்புக்கு முன்னாடி இருக்கற இடமும் இறப்புக்கு அப்புறம் போற இடமும் ரைம் ஆகுறது தற்செயல்தான், ஒண்ணு பழைய இங்கிலீஷ், இன்னொண்ணு கிரேக்கத்துல இருந்து வந்தது, ஆனாலும் கவிஞர்கள் அந்த ஜோடியை விட்டதே இல்ல.

பெரிய குழப்பம் ஓ யூ ஜி ஹெச். கஃப், இருமல், ஆஃப் கூட ரைம். ரஃப், சொரசொரப்பு, ஸ்டஃப் கூட. த்ரூ, ஊடாக, புளூ கூட. தோ, ஆனாலும், கோ கூட. பவ், மரக்கிளை, கவ் கூட, பசு மாடுதான். எழுத்தை பாத்தா அஞ்சும் ரைம் ஆகணும், ஆனா ஒண்ணோட ஒண்ணு ஆகவே ஆகாது. புதைக்கறதுன்னு அர்த்தம் வர்ற பெரியும் அப்படித்தான், பி யூ ஆர் ஒய்னு எழுதிட்டு மெர்ரி கூட ரைமா சொல்வாங்க. இங்கிலாந்துல ஒரு பக்கத்துக்காரங்க எழுதின எழுத்தும் கென்ட் பக்கத்துக்காரங்க சொன்ன உச்சரிப்பும் ஒண்ணா சேந்துடுச்சு. அதனால குழந்தைங்களுக்கு பட்டியல் குடுக்கறப்ப எழுத்தை மட்டும் காட்டாம வாய்விட்டு சொல்ல வைங்க, இதை நான் கெஞ்சியே கேட்டுக்கறேன்.

ரைமையே அர்த்தமா மாத்தின ஆளுங்களும் உண்டு, லண்டன் கிழக்கு பக்கத்து காக்னி ஜனங்க. போனுக்கு டாக் அண்ட் போன், ரெண்டாவது போன் எலும்பு. மாடிப்படிக்கு, அதான் ஸ்டேர்ஸ், ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ். இதோட விட்டா பரவால்ல, பல சமயம் ரைம் ஆகுற பாதியை வெட்டிட்டு மிச்சத்தை மட்டும் சொல்வாங்க. ஹெட், தலை, அதுக்கு ரைம் லோஃப் ஆஃப் பிரெட், அதுல பிரெட்டை வெட்டிட்டு லோஃப். "யூஸ் யுவர் லோஃப்"னா மூளையை உபயோகின்னு அர்த்தம். சத்தம் தெரியாதவங்களுக்கு அர்த்தம் எட்டவே எட்டாது. 1859ல ஜான் கேம்டன் ஹாட்டன் போட்ட கொச்சைச்சொல் அகராதியிலயே இந்த பழக்கத்தை விவரிச்சு எழுதியிருக்கார்.

ஜோடி வார்த்தைகள்ல எனக்கு வில்லி நில்லி மேல தனிப் பிரியம். ஏதோ கண்டபடின்னு அர்த்தம்னுதான் நினைச்சிருந்தேன், இப்ப அப்படியும் சொல்றாங்க. மூலத்துல வில்னா விரும்பறது, நில்னா விரும்பாதது, விரும்பினாலும் விரும்பாட்டாலும்னு நேரான அர்த்தம். நம்ம ஊடால இருக்கறது வேற வகை, புத்தகம் கித்தகம், புலி கிலி, மாடு கீடு. இதை பொண்ணுக்கு சொல்லிட்டு இருக்கறப்பதான் கவனிச்சேன், புலிக்கு குறில் கி, மாடுக்கு நெடில் கீ, ரெண்டாவது எழுத்துல இருந்து மாறவே மாறாது. அளவு ஒத்து, ரெண்டாவது எழுத்து ஒத்து வரணும்ங்கிறது எதுகையோட இலக்கணம்ல? இலக்கணம் படிக்காத ரெண்டு வயசு குழந்தை கூட மாடு கிடுன்னு சொல்லாது, கீடுன்னுதான் சொல்லும். இங்கிலீஷ் ஜோடி ரைம் கணக்குல ஓடுது, நம்ம ஜோடி எதுகை கணக்குல ஓடுது.

நோட்டோட கடைசி பக்கம் நேத்துதான் எழுதினோம். மந்துக்கு ரைமிங் வேர்ட் கண்டுபிடிக்கறேன்னு உக்காந்தா. ஜன்த், டன்த், வன்த்னு என்னென்னமோ சொல்லிப் பாத்தா, எதுவும் இல்ல. மாசத்துக்கு ரைம் ஆகுற மாதிரி புழக்கத்துல ஒரு வார்த்தை கூட கிடையாது இங்கிலீஷ்ல. பாவம்மா இது, யாருமே இல்ல இதுக்குன்னு சொன்னா. டிக்ஷனரியை எடுத்து வேர் பாத்தோம். மூன், நிலா. அதோட சொந்தம்தான் மந்த்.

"தமிழ்ல நிலாவுக்கு இன்னொரு பேரு என்ன?"

"மதி... திங்கள்."

"மாசத்துக்கு?"

கொஞ்ச நேரம் பாத்துட்டே இருந்தா. அப்புறம் அந்த பக்கத்துல மந்த்னு எழுதி, ரைம் எழுத வேண்டிய ஆறு கோட்டையும் காலியா விட்டுட்டு, பக்கத்துல மூன்னு எழுதி, அதுக்கு கீழ திங்கள்னு எழுதி, மூணையும் சுத்தி பென்சில்ல ஒரு வட்டம் போட்டா.